எல்லாரும் பார்த்த தொடர்

இந்தக் காலத்தில் எவனுக்கும் வாயை மூடிக்கொண்டு படம் பார்க்கத் தெரிவதில்லை என்று கிழவர் மஹ்ரூஸ் உள்ளுக்குள் கறுவினார். பக்கத்து வீட்டு ராகிப், ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர், நடிகன் வாய் திறக்குமுன் அவன் வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். பழைய போலீஸ் தொடர் அது. இப்போது டிவிடியில் கிடைத்து, ராகிப் வீட்டு மாடியில் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வியாழக்கிழமை இது ஓடுற நேரம் கெய்ரோத் தெருவிலே பூனைகூட நடக்காது ஹாஜி! அதைப் பார்த்துத்தான் ஒரு படுபாவி வாராவாரம் நம்ம பேட்டையிலே வீடு புகுந்து அள்ளினான். அதுவும் நான் ரோந்து சுத்தினப்பவே! என் பதவி உயர்வே போச்சு. இன்னைக்கு ஆப்பிட்டாலும் உள்ளே தள்ளிடுவேன்."

"தள்ளுங்க பாஷா" என்று போலீஸ் அதிகாரிக்குரிய மரியாதைப் பட்டத்தோடு சொன்னார் மஹ்ரூஸ், வறுத்த பூசணி விதையைக் கொறித்தபடி.

திரையில் கொலைகாரன் முகமூடியைக் கழற்றினான்.

"அட, டாக்டரா!" துள்ளி எழுந்துவிட்டார் மஹ்ரூஸ்.

ராகிப் மெல்லத் திரும்பினார். "இது ஊருக்கே தெரியுமே ஹாஜி. அந்த நேரத்திலே டிவி முன்னாடி இல்லாதவன் இந்தப் பேட்டையிலேயே ஒருத்தன்தான்!"

மஹ்ரூஸ் அசரவில்லை.

"ரெண்டு பேர் இருந்திருக்கணுமே பாஷா. ரோந்து சுத்தின உங்களுக்கு வசனமெல்லாம் எப்படி மனப்பாடம்?"

ராகிப் டீ கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு, "டீ ஆறுது, குடிங்க" என்றார்.

திரையில் டாக்டருக்கு விலங்கு மாட்டினார்கள். மஹ்ரூஸ் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"சுத்தப் புளுகு! எந்த ஊர்லய்யா போலீஸ் பிடிக்குது?" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனார்.