மெதுவாக மறையும் கட்டங்கள்

கூட்ட அறையில் விளக்கை அணைத்திருக்கிறார்கள். திரையில் எங்கள் குழுவினரின் பெயர்கள், கட்டத்துக்கு ஒன்றாக. ஏசி இரைகிறது. உஸ்மானியா பிஸ்கட்டை ஒருவரும் தொடவில்லை. மேலாளர் நரசிங் ராவ் பொத்தானை அழுத்துகிறார். யாதகிரியின் பெயர் சாம்பல் நிறமாகி, ஆவி போல் கரைந்து போகிறது. அவருக்கு இனி இங்கே வேலை இல்லை. பெயர் இப்படி மறையும்படி ஸ்லைடைச் செய்து கொடுத்தது என் பக்கத்தில் இருக்கும் ஸ்வரூபா அக்காதான். "வெறும் கட்டம் போதும்மா, பேரை நாங்க போட்டுக்கறோம். மனசு நோகாம மெதுவா மறையணும்" என்று நேற்று ராவ் கேட்டிருக்கிறார். எந்தெந்தக் கட்டம், எந்த வரிசை என்பதையும் சொல்லியிருக்கிறார். எதற்கென்று மட்டும் சொல்லவில்லை. "நல்லாப் பண்ணியிருக்கியேம்மா, வலிக்கவே இல்ல" என்கிறார் யாதகிரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அக்கா துப்பட்டா நுனியை விரலில் இறுக்கிச் சுற்றுகிறாள். திரையின் நீல வெளிச்சம் அவள் கன்னத்தில் நடுங்குகிறது. ராவின் விரல் மறுபடி பொத்தானுக்குப் போகிறது. "அடுத்தது யாரு, அக்கா?" என்று அவள் காதருகே குனிந்து கேட்கிறேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்துகிறாள்.