கொசுவலை

“யோவ், வலையை வெளியே எடுய்யா!”

காலையில் மீன்குஞ்சு விடும் விழா நடந்த பந்தலைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அதற்குள் உள்ளூர் மீன்காரர் பொம்மையன் குளத்தில் இறங்கி, கொசுவலையால் அந்தக் குஞ்சுகளை அரித்துக்கொண்டிருந்தார். புதிதாக வந்த மீன்துறை ஆய்வாளர் சத்யபிரியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“சின்னக் கண்ணு வலை போடக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல? வருஷா வருஷம் குஞ்சு விட்டும் ஒரு மீன்கூட வளரலைன்னு ஊரே மனு குடுக்குது. திருடன் யாருன்னு இப்பத்தானே தெரியுது!”

“செத்த நேரம் பொறுங்க மேடம். இன்னும் ஒரு டிரம்மு ரொம்பணும். குஞ்சு உசுரோட போய்ச் சேரணும்.”

சத்யபிரியா கரையில் கிடந்த அரிவாளை எடுத்து, வலையைப் பிடித்திழுத்துக் கிழித்தெறிந்தாள்.

பொம்மையனுக்கும் கோபம் பொங்கியது.

“கிழிச்சிட்டீகளா? அப்ப உங்க பெரிய ஆபீசருக்கு நீங்களே பதில் சொல்லுங்க. சாயங்காலம் பக்கத்து ஊருக் குளத்துல விழாவாம். காலையில இங்க விட்ட குஞ்சையே அரிச்சுக் கொண்டாரச் சொல்லி, இந்த வலையைக் குடுத்ததே அவருதான்!”

சத்யபிரியா அரிவாளைக் கீழே போட்டாள்.

“வருஷா வருஷம் இதே கூத்து. குஞ்சு எப்புடி மேடம் வளரும்? ஊரு ஊரா விழாவுக்குப் போகவே அதுக்கு நேரம் பத்தல!”