கைதட்டல்

ஆஸ்பத்திரிப் பயிற்சி அறையின் கதவை உதைத்துத் திறந்தவன், முன்னால் உட்கார்ந்திருந்த இதய டாக்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து ஓங்கி அறைந்தான். மூக்கில் ரத்தம் கொட்டியது.

"நிறைமாசப் பொண்டாட்டி வலிப்புல துடிக்கிறா! எல்லா டாக்டரும் இங்க கூடி என்னத்தய்யா கிழிக்கிறீங்க?"

"உங்க கோபம் புரியுது சார், உக்காருங்க" என்றார் நர்ஸ், சற்றுமுன் சொல்லிக்கொடுத்தபடியே.

அவன் நாற்காலியைச் சுவரில் அடித்து நொறுக்கினான். மேஜையில் கிடந்த கர்ப்பிணிப் பொம்மை தலைகுப்புற விழுந்தது.

"பிரமாதம்!" வகுப்பெடுத்த மகப்பேறு டாக்டர் கைதட்டினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு இதய டாக்டரும் தட்டினார்.

"அடப்பாவிகளா!" அவன் தலையிலடித்துக்கொண்டு வெளியே ஓடினான்.

அவன்மேல் மோதிக்கொண்டு ஒருவர் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"மன்னிச்சுக்குங்க, லேட்டாயிடுச்சு. கோபக்காரப் புருஷனா நடிக்க வந்திருக்கேன். ஆமா, வெளிய ஸ்ட்ரெச்சர்ல வாயில நுரையோட அசையாம கெடக்குதே, அந்தப் பொண்ணும் நம்ம ஆளா? என்னமா நடிக்குது!"