எண்பத்தொரு கோடுகள்

“படிச்சு முடிச்சுட்டீங்களா அண்ணி?”

தையற்கடையின் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டுவிட்டார் இயற்பியல் வாத்தியார். அண்ணி இயந்திரத்தை நிறுத்தவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை.

இருபது ஆண்டுகளாக இயற்பியல் நடத்துபவரின் முதல் புத்தகம் அது. ‘அறிவியலே படிக்காத ஒருவருக்குப் புரிந்தால் அச்சிடுகிறேன், இல்லையேல் மன்னியுங்கள்’ என்று பதிப்பாளர் கறாராகச் சொல்லியிருந்தார். இன்று ஐந்து மணி கெடு. இப்போதே நாலேகால்.

அறிவியலுக்கும் அண்ணிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆகவே அவரையே பிடித்தார். “படிச்சுட்டு, அங்கங்கே கோடு போட்டுக் கொடுங்க, போதும்” என்றார். துணியில் குறிக்கும் நீலப் பென்சிலால் அண்ணியும் போட்டுக் கொடுத்தார்.

முதல் தடவை எண்பத்தொரு கோடுகள்! கடைசி பெஞ்சு மக்குப் பையனின் விடைத்தாளில்கூட வாத்தியார் அத்தனை கோடு போட்டதில்லை. ஓடும் பேருந்து சட்டென்று நின்றால் நாம் ஏன் முன்னால் சாய்கிறோம் என்ற பத்தியையும் அண்ணி விட்டுவைக்கவில்லை. உதாரணங்கள்தாம் குழப்புகின்றன என்று வாத்தியார் முடிவுகட்டி, பேருந்தை இறக்கிவிட்டு நிலைமத்தின் வரையறையை ஏற்றினார். ஊஞ்சலை அவிழ்த்துவிட்டு அலைவுக் காலத்தை மாட்டினார். இரண்டாம் தடவை பன்னிரண்டே கோடுகள். ஒரு வார்த்தை நின்று கேட்காமல் ஓடிப்போய் அவற்றையும் களைந்தார்.

“என்ன அண்ணி, வாயையே திறக்க மாட்டேங்கறீங்க?”

“உட்காருங்க தம்பி. எப்பப் பாரு கால்ல வெந்நீரை ஊத்திக்கிட்டே வர்றீங்க.”

“உட்கார நேரமில்லை. முதல்ல அதைக் கொடுங்க.”

அண்ணி தயங்கியபடி மூன்றாம் பிரதியை எடுத்து நீட்டினார். “மூணு தடவை படிச்சேன். கோவிச்சுக்காதீங்க.”

வாத்தியார் புரட்டினார். நூற்று நாற்பது பக்கங்களில் ஒரு கோடுகூட இல்லை. நம்பாமல் பின்னாலிருந்து முன்னாக மறுபடி புரட்டினார். நீலம் மருந்துக்கும் இல்லை.

“கோவமா? என் வயித்துல பாலை வார்த்துட்டீங்க அண்ணி!”

ஒப்பிட்டுப் பார்க்கக் கொண்டுவந்திருந்த முதல் கையெழுத்துப் பிரதியை, கைக்குச் சிக்கியபடியெல்லாம் கிழித்து, வெட்டுத்துணிக் கூடையில் போட்டார். “ஒழிஞ்சது சனியன்!”

“ஐயோ, அதை ஏன் கிழிக்கறீங்க?” அண்ணி பதறி எழுந்தார்.

“அதுலதானே எண்பத்தொரு தப்பு இருந்துச்சு?”

“தப்பா?” அண்ணி விழித்தார். “கோடு போட்ட இடத்துலதானே தம்பி நாங்க தையல் போடுவோம்? புரிஞ்சு மனசுல நின்ன இடத்துலயெல்லாம் போட்டேன். இந்தத் தடவைதான் ஒரு வரிகூடப் புரியலை.”