அண்ணனின் மரவாசம்

பார்வை போன அம்மா தினமும் லியோனைக் கேட்டாள். அண்ணன் இறந்துபோனதைச் சொல்ல அமலனுக்கு வாய் வரவில்லை. அண்ணன் பூசிவந்த காட்டு மரவாச சென்டைக் காலையிலேயே சட்டையிலும் கையிலும் அடித்துக்கொண்டு, பேசாமல் கட்டிலருகே உட்கார்ந்தான். எலுமிச்சையும் மிளகுமாக நெடி ஏறியது. "யாரு வந்திருக்கா?" என்று முகம் சுளித்தாள். மதியம் அது மரப்பிசினாக இளகியபோதும் கண்டுகொள்ளவில்லை. லியோன் வேலை முடிந்து அவளைப் பார்க்க வழக்கமாக வந்த அந்தி நேரத்தில்தான், வியர்வையோடு கலந்து, மழையில் ஊறிய கட்டையின் மணம் மட்டும் எஞ்சியது. அம்மா அமலனின் கையைப் பிடித்து முகர்ந்தாள். "வந்துட்டியா லியோன்?" பிடியை விடாமலே குரலைத் தாழ்த்தினாள். "தம்பியத்தான் காலையிலேருந்து காணல. அவனுக்கு என்னமும் ஆயிருச்சாய்யா? மறைக்காமச் சொல்லு."