எலி வேஷம் யாருக்கு?

வெண்டல் பிக்கெட் வளர்க்கும், பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் பந்து மலைப்பாம்புக்குத் தலை முதல் வால் வரை முதுகில் தேன் நிறத்தில் ஒரே கோடு. மற்ற பந்து மலைப்பாம்புகளுக்கு உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். இந்த ஒரு கோட்டால் ஃப்ளோரிடாவில் எங்கள் பாம்பு வளர்ப்போர் சங்கம் மூன்று வருடமாக இரண்டுபட்டுக் கிடந்தது.

"இது புது ரகம். ரத்தத்துலயே ஊறினது," என்பார் வெண்டல். 'தேன்பாதை' என்று பெயர் வைத்து, அதைச் சட்டையிலும் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்.

"ரகமாவது மண்ணாவது. முட்டையில சூடு கொஞ்சம் ஏறினாக்கூட கோடு இப்படி இழுத்துக்கும். என் மச்சான் முதுகுல முயல் மாதிரி ஒரு மச்சம் இருக்கு. அதுக்காக அவன் புள்ளைங்க முதுகுல முயலா ஓடுது?" என்பார் எதிர் அணித் தலைவர் ஹக்கபி.

அந்தப் பாம்புக்கு முதல் தடவை பிறந்த குட்டிகள் எல்லாமே சாதாரணம். வெண்டல் அசரவில்லை.

"உள்ள ஒளிஞ்சிருக்கு. அப்பனையும் மகளையும் சேர்த்தா வெளிய வந்துடும். பாம்புக்கு அதெல்லாம் பாவமில்ல."

சேர்த்தார். ஏழு முட்டை கிடைத்தது. உடனே பந்தயம். ஒரு குட்டிக்காவது கோடு இருந்தால் ஹக்கபி, இல்லாவிட்டால் வெண்டல், பாம்புக் கண்காட்சி வாசலில் நாள் முழுக்க எலி வேஷம் போட்டு நிற்க வேண்டும். பாம்புக்காரனுக்கு இதைவிட மானக்கேடு வேறு கிடையாது.

பொரிக்கும் நாள் நெருங்கினால், நகக் கத்திரிக்கோலால் முட்டையை ஓரமாகக் கீறி உள்ளே எட்டிப் பார்ப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். பொறுமை என்பது எங்களுக்குக் கொஞ்சம் கம்மி. வெண்டல் மட்டும் சத்தியமே செய்தார்.

"கத்திரி படாது. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வாங்க. உங்க கண்ணு முன்னாடி தானா வெளிய வரட்டும்." அப்புறம் ஹக்கபி பக்கம் திரும்பி, "சனிக்கிழமை மத்தியானம் நான் சர்ச்ல மீன் விருந்துக்குப் போயிடுவேன். அதுக்குள்ள உன் இடுப்பு அளவைச் சொல்லிடு, எலி டிரஸ் தைக்கக் குடுக்கணும்," என்றார்.

ஹக்கபிக்கு வாய்தான் பேசியதே தவிர, ஒருவேளை கோடு வந்து தொலைத்தால் என்ன செய்வது என்ற பயம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் வெண்டலின் கொட்டகைக் கதவைத் தள்ளினார். திறந்துகொண்டது. மூன்று பூட்டுப் போடுகிற மனிதர், மீன் விருந்து அவசரத்தில் மறந்துவிட்டார் போல. ஹக்கபி ஆண்டவனுக்கு நன்றி சொல்லி, முட்டைகளை பீர் வைக்கும் பெட்டிக்குள் ஒளித்து வண்டியில் ஏற்றினார்.

வீட்டில் திறந்து பார்த்தால், ஒவ்வொரு முட்டையிலும் ஓரமாக ஒரு சின்னக் கீறல். அதன் வழியே குட்டி மூக்குகள். பொரிக்க ஆரம்பித்துவிட்டது என்று கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

விடிவதற்குள் ஏழும் வெளியே வந்தன. ஏழும் திட்டுத் திட்டு. ஒன்றில்கூடக் கோடு இல்லை.

ஹக்கபி சமையலறையில் தனியாக ஒரு ஆட்டம் போட்டார். பாதியில் நின்றார். ஜெயித்ததை யாரிடம் போய்ச் சொல்வது?

அதற்குள் திருட்டுச் செய்தி பரவிவிட்டது. வெண்டல் தேம்பித் தேம்பி அழுதார். சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொடுப்பதுபோல, வீட்டுக்கு வீடு மக்ரோனி செய்து அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். "ஏழும் தங்கமா இருந்திருக்கும், பாவி எவனோ," என்று ஆளாளுக்குச் சபித்தார்கள். ஹக்கபியும் ஒரு தட்டு மக்ரோனியோடு போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் சங்கத்தில் தேன்பாதைக் குட்டிகளுக்கு இரண்டு நிமிட மௌன அஞ்சலி. ஹக்கபியால் ஒரு நிமிடம்தான் தாங்க முடிந்தது.

நேராக வீட்டுக்குப் போய்க் குட்டிகளை எடுத்துக்கொண்டு ஷெரிஃப் அலுவலகத்துக்கு ஓடினார். அங்கே இருந்த காவலர் மார்லீன் முன்னால் பெட்டியை வைத்தார்.

"நான்தாம்மா திருடன். விலங்கு மாட்டு. அதுக்கு முன்னாடி இதுங்க முதுகைக் கொஞ்சம் பாரு."

மார்லீன் வெண்டலை வரவழைத்தார். வெண்டல் ஒவ்வொரு குட்டியாகக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது என்னோடது இல்லம்மா. இதெல்லாம் சாதாரணக் குட்டி, எந்தக் கடையிலயும் கிடைக்கும். என் துக்கத்தை ஆத்தத்தான் இவன் பழியைத் தன் தலையில போட்டுக்கறான். நல்ல மனுஷன். விட்டுடு."

"இவன் பொய் சொல்றான்மா. சத்தியமா நான்தான் திருடினேன்."

"ஹக்கபி சார், பறிகொடுத்தவரே தன்னோடது இல்லங்கறார். சொந்தப் பாம்பைத் தூக்கிட்டு வந்ததுக்கெல்லாம் உங்களை உள்ள வைக்க முடியாது. வீட்டுக்குப் போய் அதுங்களுக்குச் சாப்பாடு வைங்க."

சங்கம் கூடிப் பேசியது. ஹக்கபி சொல்வது உண்மையென்றால் பந்தயத்தைக் கெடுத்த திருடன். பொய்யென்றால் செத்த வீட்டில் விளையாடிய புளுகன். எப்படிப் பார்த்தாலும் எலி அவர்தான் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

கண்காட்சி அன்று வாசலில் எலி நின்றது. குழந்தைகள் வாலைப் பிடித்து இழுத்தார்கள். வெண்டல் எலுமிச்சை ஜூஸ் வாங்கிக்கொண்டு வந்தார்.

"குடிடா, வெயிலு கொளுத்துது. இரு, மீசைகிட்ட நூல் பிரிஞ்சு தொங்குது. அசையாம நில்லு."

சட்டைப்பையிலிருந்து நகக் கத்திரிக்கோலை எடுத்து, நூலை நறுக்கினார். சின்னதாக, நேராக, சுத்தமான வெட்டு.

குட்டி தன் பல்லால் கிழித்திருந்தால் முட்டை கன்னாபின்னாவென்று கிழிந்திருக்கும் என்பது எலிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஏழு முட்டையிலும் கீறல் சின்னதாக, நேராக, சுத்தமாக இருந்தது.

முட்டைக்குள் முன்பே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெண்டல் மீன் விருந்துக்குப் போயிருக்கிறார். அன்றைக்குக் கதவைப் பூட்ட அவர் மறக்கவே இல்லை, வேண்டுமென்றேதான் திறந்து விட்டுப் போனார்.