பென் கராக்கில் வழி தப்பியவர்கள்

"ஒண்ணுமில்லை தம்பி, காட்சியை ரசிச்சுக்கிட்டு இருக்கேன்," என்றார் பாறை மேல் உட்கார்ந்திருந்த ஃபார்க்கர் மெக்ரே.

உச்சியிலிருந்து இறங்கி வந்தவர் சுற்றும் பார்த்தார். பென் கராக் மலை முழுவதையும் மூடுபனி விழுங்கியிருந்தது. பத்தடி தள்ளி ஆடு நின்றாலும் தெரியாது. "அருமையான காட்சிதான் ஐயா," என்று சொல்லிவிட்டு அவர் கீழே நடந்தார்.

அவர் மறைந்த பிறகே மெக்ரே தன் வலது முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். பத்து மணிக்கு ஈரப் பாறையில் வழுக்கி மடங்கிய கால். இப்போது பந்து போல வீங்கியிருந்தது.

அவருக்கு வயது எழுபத்திரண்டு. அந்தப் பள்ளத்தாக்கின் மலை மீட்புக் குழுவைத் தொடங்கியவர் அவருடைய தாத்தா. அடுத்துத் தலைவரானவர் அப்பா. அதன்பின் முப்பத்தொரு வருடம் இவர். பொறுப்பை ஒப்படைத்து எட்டு வருடமாகிறது. புதியவர்கள் கயிறு கட்டும் அழகைப் பார்க்கச் சகிக்காமல் அந்தப் பக்கமே போவதில்லை.

மெக்ரேக்கள் மலையில் விழுந்தவர்களைத் தூக்கி இறக்குவார்கள். ஒரு மெக்ரேயை யாரும் தூக்கி இறக்கியது கிடையாது.

நாலு மணிக்குள் அடிவாரத்துக்கு இறங்கி வராவிட்டால் குழுவுக்குப் போன் செய்யும்படி மனைவி இஷ்பெலிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். மலைக்குப் போகிற எவரும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஊருக்கே கற்பித்தவர் அவர். நாலு அடித்தால் ஸ்ட்ரெச்சர் வரும். அதில் கட்டிவைத்து, தபால் நிலைய வாசலில் நிற்கிற அத்தனை பேரும் பார்க்க, அவரை ஊருக்குள் கொண்டுபோவார்கள்.

மூன்று முறை எழுந்து பார்த்தார். மூன்று முறையும் உட்கார்ந்தார்.

ஒரு மணி சுமாருக்குப் பனிக்குள்ளிருந்து ஒரு இளம்பெண்ணும் ஒரு இளைஞனும் வந்தார்கள். பெண்ணின் கையில் வரைபடம் தலைகீழாக இருந்தது.

"ஐயா, உச்சிக்கு இந்தப் பக்கமா போகணும்?"

"அந்தப் பக்கம் போனா உச்சி வராதும்மா, முந்நூறு அடிப் பள்ளம்தான் வரும். எந்த ஊரு?"

"கிளாஸ்கோ. நான் கர்ஸ்டி, இவன் என் தம்பி ரோரி. வழி தப்பிட்டோம் போலிருக்கு."

"போலிருக்கு என்ன, தப்பியே போச்சு!" மெக்ரேக்கு உள்ளுக்குள் வெயிலடித்தது. "நல்லவேளை, நான் இங்கே இருந்தேன். வாங்க, கீழே கொண்டுபோய் விடுறேன். ஆனா மூடுபனியில ஒரு விதி இருக்கு. வழிகாட்டுறவன் கை, கூட வர்றவன் தோள்ல இருக்கணும். பிரிஞ்சிடக் கூடாது பாருங்க."

அப்படி ஒரு விதி எந்த மலையிலும் கிடையாது. ரோரி மறுபேச்சில்லாமல் தோளைக் கொடுத்தான். மெக்ரே தன் பாரத்தில் பாதியை அதன் மேல் இறக்கினார்.

"ஐயா, என் பை ரொம்பக் கனம்," என்றாள் கர்ஸ்டி. "இந்தக் கோட்டை நீங்க போட்டுக்கிட்டா கொஞ்சம் குறையும்."

"மலைக்கு வர்றவங்க வீட்டையா கட்டிக்கிட்டு வருவாங்க?" என்று அதட்டிவிட்டு அவர் போட்டுக்கொண்டார். மூன்று மணி நேரக் குளிர் விட்டது.

நூறு அடிக்கு ஒருமுறை அவளுக்குப் பயம் வந்தது. "கொஞ்சம் உட்கார்ந்துக்கலாமா ஐயா? கால் நடுங்குது."

"இந்த லட்சணத்துல மலையேறச் சொன்னது யாரு?"

"ஆசைதான் ஐயா."

"ஆசைக்கு கிளாஸ்கோவில மாடிப்படியே இல்லையா?" என்றபடி ஒவ்வொரு முறையும் அலுத்துக்கொண்டே உட்கார்ந்தார். அவள் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். பால் இல்லாமல், சர்க்கரை தூக்கலாக இருந்தது. "டீயாவது ஒழுங்கா போடத் தெரியுதே," என்று ஒப்புக்கொண்டார்.

வழியில் ஓடை குறுக்கிட்டது. தண்ணீரென்றால் அவளுக்கு ஆகாதாம். அவர் இடுப்பை ஒரு பக்கம் இறுகக் கட்டிக்கொண்டாள். மறுபக்கம் ரோரி கட்டிக்கொண்டான். மூவரும் நண்டு போல் நகர்ந்து கரையேறினார்கள். மெக்ரேயின் வலது கால் கடைசிவரை தண்ணீரைத் தொடவே இல்லை.

நாலுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது அடிவாரம் வந்தது. காலையில் அவரை இறக்கிவிட்ட இஷ்பெல் அங்கே காருடன் நின்றிருந்தாள்.

மெக்ரே ரோரியின் தோளிலிருந்து கையை எடுத்து, காரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "குழுவுக்குச் சொல்லிடலையே?"

"நாலு மணி இன்னும் ஆகலையே," என்றாள் இஷ்பெல். "கால் என்ன?"

"லேசான சுளுக்கு. பாவம், வழி தப்பின ரெண்டு பேரை இறக்கிட்டு வரேன்."

"இந்த வயசுலயுமா?"

"மெக்ரே ரத்தம், இஷ்பெல்." இருவர் பக்கமும் திரும்பினார். "அடுத்த தடவை விஷயம் தெரிஞ்ச ஆளோட வாங்க. தினமும் நான் இருக்க மாட்டேன்."

"சரிங்க ஐயா," என்றார்கள் இருவரும் தலைகுனிந்து.

கார் வளைவில் மறையும்வரை அவர்கள் கையசைத்தார்கள். பிறகு கர்ஸ்டி பையின் அடியிலிருந்து வாக்கி-டாக்கியை எடுத்தாள்.

"உச்சியிலேர்ந்து இறங்கினவரு வந்து சொன்ன பாறையிலதான் இருந்தாரு. மீட்புக் குழுவுல எல்லாரும் இறங்கி வரலாம். மெக்ரே ஐயா எங்களைக் காப்பாத்திட்டாரு."